எழ மறுத்த பழைய கணினி: வன்தட்டுக் கட்டுப்படுத்தியும் அதன் இயக்கியும்

பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி சுழல்கிறது. தாய்ப்பலகைத் தயாரிப்பாளரின் சின்னம் வந்து போகிறது. விண்டோஸ் எக்ஸ்பியின் கறுப்புத் திரையில் சிறிய நீலக் கட்டங்கள் ஓடத் தொடங்குகின்றன. ‘அப்பாடா, வந்துவிட்டது’ என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் அந்த நொடியில் நீலத்திரை ஒன்று மின்னி மறைகிறது. கணினி மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. விட்டால் மாலை வரை இதையே செய்துகொண்டிருக்கும்.

2019ஆம் ஆண்டு, நீண்ட விடுமுறைக்குப் பிறகு எங்கள் மொழிக்கழக அறையின் மூலையில் இருந்த கணினி இந்த நிலையில்தான் இருந்தது. 2007இல் வாங்கப்பட்டது. அன்றாட வேலைக்கு அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் ஆண்டு மலரின் பழைய பக்கங்கள் பேஜ்மேக்கர் கோப்புகளாக அதில்தான் இருந்தன. அவற்றைத் திறக்கத் தேவையான மென்பொருளும் எழுத்துருக்களும் அதில்தான் இருந்தன. பழைய மலர்களிலிருந்து கட்டுரைகளைத் தேர்ந்து ஒரே நூலாக்க வேண்டும் என்று அவ்வாண்டுச் செயலவை முடிவெடுத்தபோதுதான் அந்தப் பெட்டியின் அருமை எங்களுக்குத் தெரிந்தது.

“ஹார்ட் டிஸ்க் போயிருச்சாம் அண்ணா. ஃபார்மேட் பண்ணித் தர்றேன்னு கடையில சொல்றாங்க,” என்றார் மலர்க்குழுவில் இருந்த தம்பி ஒருவர்.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றாக நிற்க முடியாது. உண்மையிலேயே பழுதாகிப்போன வன்தட்டை ஃபார்மேட் செய்து பயனில்லை. ஃபார்மேட் செய்து மறுபடியும் பயன்படுத்த முடியும் என்றால் வன்தட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு உள்ளே இருப்பதை எதற்காக அழிக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எத்தனையோ பேர் தங்கள் ஆய்வேடுகளையும் குடும்பப் படங்களையும் இழந்திருக்கிறார்கள். ஆகவே இந்த நீலத்திரை எதனால் வருகிறது என்பதைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

வன்தட்டைப் படிக்கும் இருவர்

வன்தட்டுக்கும் கணினியின் மற்ற பகுதிகளுக்கும் நடுவே தாய்ப்பலகையில் ஒரு சில்லு நிற்கிறது. அதுவே வன்தட்டுக் கட்டுப்படுத்தி. ‘இந்த இடத்திலிருந்து இவ்வளவு தரவு வேண்டும்’ என்ற கட்டளையை வன்தட்டுக்குக் கொண்டு சேர்ப்பதும், வரும் தரவை நினைவகத்தில் சேர்ப்பதும் அதன் வேலை. அந்தச் சில்லுடன் எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்துக்குச் சொல்லித் தரும் சிறு மென்பொருளே இயக்கி.

கணினி தொடங்கும்போது வன்தட்டை முதலில் படிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ். தன் தாய்ப்பலகையில் இருக்கும் கட்டுப்படுத்தியை பயாஸுக்கு நன்றாகத் தெரியும். எக்ஸ்பியின் தொடக்க நிரல் இந்த பயாஸின் உதவியோடுதான் விண்டோஸின் கருநிரலையும், தொடக்கத்திலேயே தேவைப்படும் சில இயக்கிகளையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன் பிறகு பொறுப்பு கருநிரலிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்தக் கணத்திலிருந்து பயாஸின் உதவி கிடையாது. விண்டோஸ் தன் சொந்த இயக்கியைக் கொண்டுதான் அதே வன்தட்டை மீண்டும் அணுக வேண்டும்.

அந்த இயக்கி அங்கே இருக்கும் கட்டுப்படுத்திக்குப் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? எந்த வன்தட்டிலிருந்து எழுந்து வந்ததோ, அந்த வன்தட்டையே விண்டோஸால் காண முடியாது. ‘தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை’ என்று அறிவித்து நின்றுவிடும். அந்த நீலத்திரையில் வரும் நிறுத்தக் குறியீடு வரிசையாகச் சில பூச்சியங்களைக் கொண்டு 7பி என்று முடியும். பாதிவரை வந்து நிற்பதன் மர்மம் இதுதான். முதல் பாதியில் படித்தவர் வேறு, இரண்டாம் பாதியில் படிக்க வந்தவர் வேறு.

எக்ஸ்பிக்குத் தெரியாத மொழி

எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அக்காலத்து மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருந்தவை ஐடிஇ வன்தட்டுகள். அகலமான, தட்டையான சாம்பல் நிற வடத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு மெல்லிய வடம் கொண்ட சாட்டா வன்தட்டுகள் வந்தன. அவற்றின் ஆற்றலை முழுமையாகப் பயன்படுத்த ஏஎச்சிஐ என்னும் புதிய பேச்சுமுறையை இன்டெல் 2004இல் வெளியிட்டது. மூன்றாண்டு முன்பே வந்துவிட்ட எக்ஸ்பியின் குறுந்தட்டில் ஏஎச்சிஐக்கு உரிய இயக்கி எப்படி இருக்கும்? பின்னால் வந்த திருத்தத் தொகுப்புகளும் அதைச் சேர்க்கவில்லை. 2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவில்தான் மைக்ரோசாஃப்ட் அதற்கான இயக்கியை உள்ளேயே வைத்துத் தந்தது.

இடைப்பட்ட காலத்துத் தாய்ப்பலகைகளைச் செய்தவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரே கட்டுப்படுத்தி இரண்டு வேடம் போடும். பயாஸ் அமைப்பில் ‘ஐடிஇ’ என்று வைத்தால் பழைய முறையில் பேசும்; ‘ஏஎச்சிஐ’ என்று வைத்தால் புதிய முறையில் பேசும். வேடம் மாறும்போது அது விண்டோஸிடம் சொல்லிக்கொள்ளும் அடையாள எண்ணும் மாறிவிடும். சில்லு அதேதான், ஆனால் விண்டோஸுக்கு அது முன்பின் பார்த்திராத ஆள்.

அந்நாளில் எக்ஸ்பியைப் புதிதாக நிறுவியவர்களுக்கு இது நன்கு பழக்கமான தலைவலி. குறுந்தட்டைப் போட்டுக் காத்திருந்தால், ‘உங்கள் கணினியில் வன்தட்டு எதுவும் காணப்படவில்லை’ என்று நிறுவி கைவிரித்துவிடும். தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி, இயக்கியை நெகிழ்வட்டிலிருந்து தர வேண்டும். நெகிழ்வட்டைத் தவிர வேறு எதையும் அந்த நிறுவி ஏற்காது. கணினியிலோ நெகிழ்வட்டுச் செருகியே இருக்காது! ஆகவே பலர் பயாஸுக்குள் போய் ஐடிஇ என்று மாற்றிவிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். எங்கள் கணினியையும் யாரோ ஓர் அண்ணன் அப்படித்தான் நிறுவியிருக்கிறார். அவர் செய்ததில் தவறில்லை. எங்கும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் குறை.

நோயை அறிதல்

முதல் வேலை, ஓடி மறையும் நீலத்திரையை நிறுத்திப் படிப்பது. தொடங்கும்போது எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘பழுது ஏற்பட்டால் தானாக மறுதொடக்கம் செய்வதை நிறுத்து’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தால் நீலத்திரை அப்படியே நிற்கும். குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளலாம், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அதே பட்டியலில் உள்ள பாதுகாப்பு முறையை முயன்று பார்க்கலாமே என்று தோன்றும். பயன்படாது. வன்தட்டைப் படிக்கும் இயக்கி பாதுகாப்பு முறைக்கும் தேவைதான். கோப்புப் பெயர்கள் வரிசையாக ஓடி, பெரும்பாலும் ‘மப்’ என்ற பெயரில் ஒரு கோப்பு கடைசி வரியாக நிற்கும். அந்தக் கோப்பின்மேல் பழியைப் போட்டு அதை நீக்கப் புறப்படுபவர்கள் உண்டு. கடைசியாக ஏறிய கோப்பு அது, அவ்வளவுதான்.

7பி என்று வந்துவிட்டாலே இயக்கிதான் குற்றவாளி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. கோப்பு அமைப்பு சிதைந்திருந்தாலும், தொடக்கப் பகுதியை நச்சுநிரல் தாக்கியிருந்தாலும், வன்தட்டே தேய்ந்து போயிருந்தாலும் இதே குறியீடு வரலாம். ஆகவே காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீரான இடைவெளியில் ‘டக், டக்’ என்று ஒலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது வேறு நோய். ஒலி இல்லையென்றால் பயாஸ் அமைப்புக்குள் சென்று பாருங்கள். வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு.

எங்களுக்கு வழி காட்டியது வன்தட்டு அன்று, கடிகாரம். பயாஸ் அமைப்பைத் திறந்தபோது தேதி ஜனவரி 1 என்றும், ஆண்டு அந்தக் கணினி வாங்கப்பட்டதற்கும் முந்தையது என்றும் காட்டியது. மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும்போது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ மின்கலம். விடுமுறைக்காக யாரோ நல்ல எண்ணத்தோடு மின்செருகியைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதான மின்கலம் அந்த விடுமுறையைத் தாக்குப்பிடிக்கவில்லை. அமைப்புகள் எல்லாம் ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிட்டன. அந்தத் தாய்ப்பலகையின் ஆலை நிலை, ஏஎச்சிஐ!

நேற்று வரை ஓடிய கணினி, யாரும் எதையும் மாற்றாதபோது 7பி காட்டினால், வன்தட்டைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

முதலில் நகல், பிறகு மருத்துவம்

காரணம் தெரிந்துவிட்டது என்றாலும் உடனே கை வைக்கவில்லை. பழைய வன்தட்டு எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம். முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. வன்தட்டில் எதையும் நிறுவாமல் விரலியிலிருந்தே இயங்கக்கூடிய லினக்ஸ் ஒன்றைக் கொண்டு கணினியைத் தொடங்கலாம். லினக்ஸ் ஐடிஇ, ஏஎச்சிஐ இரண்டுக்கும் உரிய இயக்கிகளைத் தன்னோடு கொண்டு வருகிறது. எக்ஸ்பிக்குத் தெரியாத வன்தட்டு அதற்குத் தெரியும். பழைய கணினியில் நினைவகம் குறைவு என்பதால் சிறிய வகை லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மற்றொரு வழி, வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பி மூலம் வேறொரு கணினியில் செருகுவது. அந்தக் கணினி ‘இதைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறுங்கள். வட்டுச் சோதனையை ஓட விடுவதும் இப்போது வேண்டாம். பிழை திருத்துகிறேன் என்று அது வன்தட்டில் எழுதத் தொடங்கும்.

நாங்கள் லினக்ஸ் வழியைத் தேர்ந்தோம். கோப்புறைகள் திறந்தன. 2007 மலர், 2008 மலர் என்று பெயர்கள் வரிசையாகத் தெரிந்தபோது அறையில் இருந்த நால்வரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டோம். முழு வன்தட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக வெளி வன்தட்டில் நகலெடுத்தோம். இது கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுப்பதை விட மேல். மென்பொருள், எழுத்துரு, அமைப்பு எல்லாம் இருந்தபடியே வந்துவிடும். படிக்கச் சிரமப்படும் வன்தட்டாக இருந்தால் இதற்கென்றே உள்ள டிடிரெஸ்கியூ என்னும் நிரல் உதவும். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் அது மீண்டும் மீண்டும் முயலும்.

அதன் பிறகு மருத்துவம் பத்து நிமிட வேலை. மின்செருகியைக் கழற்றி, சிஆர்2032 என்ற எண் கொண்ட 3 வோல்ட் மின்கலத்தை மாற்றினோம். எந்தக் கடிகாரக் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். பயாஸில் தேதியைச் சரிசெய்து, சாட்டா முறையை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றிச் சேமித்தோம். எக்ஸ்பி எழுந்தது.

சில பயாஸ்களில் ஐடிஇ என்ற சொல்லே இருக்காது. ‘கம்பேட்டிபிள்’, ‘லெகசி’, ‘ஏடிஏ’ என்று ஏதாவது எழுதியிருக்கும். முறையை மாற்றிப் பார்ப்பதால் வன்தட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. ஒன்று சரிவராவிட்டால் மற்றதைப் பார்க்கலாம். ஆனால் ‘ரெய்ட்’ என்று ஒரு முறை இருந்து, அதைத் தேர்ந்ததும் புதிய வட்டுத் தொகுதி உருவாக்கட்டுமா என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு கேள்விக்கு ஆம் என்றால், இதுவரை காப்பாற்றிய அத்தனையும் போய்விடலாம்.

வன்தட்டை வேறு கணினிக்கு மாற்றினால்

பயாஸில் மாற்றுவதற்கு வழி இல்லாத நிலையும் உண்டு. தாய்ப்பலகை எரிந்துவிட்டது, வன்தட்டை மட்டும் வேறொரு பழைய கணினியில் பொருத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கட்டுப்படுத்தி வேறு நிறுவனத்தினுடையது. இரண்டும் ஐடிஇ முறையில் இருந்தாலும் 7பி வரலாம். எக்ஸ்பி தான் நிறுவப்பட்ட நாளில் கண்ட கட்டுப்படுத்தியை மட்டுமே தொடக்கத்தில் எதிர்பார்க்கிறது. இயக்கிக் கோப்பு வன்தட்டிலேயே எங்காவது இருந்தாலும், ‘இந்த அடையாள எண்ணுக்கு இந்த இயக்கி’ என்ற பதிவு ரெஜிஸ்ட்ரியில் இல்லையென்றால் அதை ஏற்றாது.

பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றத் திட்டமிடுகிறவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. சாதன மேலாளரில் ஐடிஇ கட்டுப்படுத்தியின் இயக்கியை, விண்டோஸிலேயே உள்ள ‘ஸ்டாண்டர்ட் டூயல் சேனல் பிசிஐ ஐடிஇ’ என்னும் பொது இயக்கிக்கு மாற்றுங்கள். மறுதொடக்கம் கேட்கும், செய்யாமல் கணினியை அணைத்துவிடுங்கள். மறுபடியும் அங்கேயே தொடங்கினால் அது பழைய சில்லைக் கண்டு பழைய இயக்கிக்கே திரும்பிவிடும். வன்தட்டைக் கழற்றிப் புதிய இடத்தில் பொருத்தித் தொடங்கினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

முன்கூட்டியே செய்யவில்லை என்றால், எக்ஸ்பி குறுந்தட்டின் மூலம் பழுதுபார்ப்பு நிறுவல் செய்யலாம். குறுந்தட்டு முதலில் காட்டும் பழுதுபார்ப்புத் தெரிவு கட்டளைத் திரைக்கு அழைத்துச் செல்லும். நமக்கு வேண்டியது அதுவன்று. நிறுவுவதற்கான விசையை அழுத்தி, உரிம ஒப்பந்தத்தையும் ஏற்ற பிறகு, ‘ஏற்கெனவே உள்ள விண்டோஸைப் பழுதுபார்க்கவா’ என்று இரண்டாம் முறை கேட்கும். அங்கேதான் ஆம் சொல்ல வேண்டும். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். வன்பொருள்களை மட்டும் விண்டோஸ் புதிதாக அடையாளம் காணும்.

எழுந்த பிறகு நகர்ந்து நகர்ந்து நடக்கும் கணினியும் உண்டு. பழைய ஐடிஇ வன்தட்டில் தரவுப் பரிமாற்றப் பிழைகள் ஆறு சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி வேகத்தை ஒரு படி குறைக்கும். இப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் ஒவ்வொரு துண்டுத் தரவையும் செயலியே சுமக்கும் பிஐஓ முறைக்கு வந்துவிடும். அங்கிருந்து தானாக மேலே ஏறாது. சாதன மேலாளரில் அந்த ஐடிஇ தடத்தை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் பழைய வேகம் திரும்பும். திரும்பத் திரும்பக் கீழிறங்கினால் வடத்தை மாற்றிப் பாருங்கள். 40 கம்பி வடமும் 80 கம்பி வடமும் முனையில் ஒரே மாதிரி இருக்கும். நொடிக்கு 33 மெகாபைட்டுக்கு மேல் ஓட 80 கம்பி வடம் வேண்டும்.

இன்றைய கணினியிலும் இதே கதை

இது எக்ஸ்பியோடு ஒழிந்துபோன சிக்கல் என்று எண்ண வேண்டாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. ஆனால் 2020க்குப் பின் வந்த இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்னும் அமைப்பு இயக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் விண்டோஸைப் புதிதாக நிறுவப்போனால் வட்டே இல்லை என்று நிறுவி சொல்வதைப் பார்க்கலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இயக்கியை இறக்கி, விரித்து, விரலியில் வைத்து, ‘இயக்கியை ஏற்று’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். நெகிழ்வட்டின் இடத்தில் விரலி, அவ்வளவே வேறுபாடு. விஎம்டியை பயாஸில் அணைத்தும் நிறுவலாம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் யோசிக்காமல் அணைத்தால் அந்தப் பழைய நீலத்திரை புதிய உடையில் வந்து நிற்கும்.

எங்கள் கதைக்குத் திரும்புவோம். கணினி எழுந்தது, பேஜ்மேக்கர் திறந்தது, பக்கங்கள் தெரிந்தன. ஒவ்வொரு மலரையும் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டோம். அதற்கு முன், வெளியே எடுத்த கோப்புகளை ஒரு தங்கை தன் மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டு, “எல்லாம் கெட்டுப்போச்சுண்ணா, வெறும் கிறுக்கலா இருக்கு,” என்று முகம் வாடிப் போனார். ஒன்றும் கெடவில்லை. அவை யுனிகோடு அல்லாத திஸ்கியில் தட்டச்சு செய்யப்பட்டவை. அதற்குரிய எழுத்துரு அவர் கணினியில் இல்லை. தரவு பத்திரமாக இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்தான் இல்லை. அன்று காலை நீலத்திரை சொன்ன அதே செய்தி! பழைய கணினியிலிருந்து கோப்புகளை எடுப்பவர்கள் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். திஸ்கியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் உள்ளன; மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பிம்பக் கோப்பு இன்று என் மடிக்கணினியில் மெய்நிகர்க் கணினியாக ஓடுகிறது. அதிலும் முதல்முறை 7பி வந்தது. மெய்நிகர்க் கணினிக்கு சாட்டா கட்டுப்படுத்தியைக் கொடுத்திருந்தேன். ஐடிஇக்கு மாற்றிய பிறகும் வந்தது. மொழிக்கழக அறைக்குப் போய், பழைய கணினியில் மேலே சொன்ன பொது இயக்கியை வைத்து, அணைத்து, மறுபடியும் பிம்பம் எடுத்துவந்த பிறகுதான் எழுந்தது.

பழைய பெட்டி இன்னும் அறையில் இருக்கிறது. அதன் பக்கவாட்டுத் தகட்டின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறோம்: ‘எக்ஸ்பி. சாட்டா முறை ஐடிஇ. மாற்றாதீர். மின்கலம் மாற்றியது 2019. எழாவிட்டால் முதலில் கடிகாரத்தைப் பார்க்கவும். ஃபார்மேட் செய்யாதீர்.’